டிக்கெட் மறந்தது, கம்ப்யூட்டர் மறக்கவில்லை!



இந்த மலரில் எழுதும் எல்லோரும் கட்டுரைக்குக் கீழே பெயரையும் ஊரையும் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை. கூச்சம் காரணம் இல்லை. என் பெயரைப் போட்டால் என் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால், நான் சொல்லப் போகும் இன்னொருவர் யாரென்று தெரிந்துவிடும். அவரை ஒருமுறை நான் காட்டிக்கொடுத்தது போதும். மலர்க் குழுவிடம் இதைச் சொன்னேன், சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

நான் சேர்வராயன் மலைப் பெண். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்குள்ள ஏரியும், பகோடா பாயிண்டும், மே மாதக் கோடை விழாவும் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, இறங்கி நடந்தால் எங்கள் ஊர். 1820-ல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே காபிப் பழம் பறிக்கும் வேலைதான். ஏற்காட்டில் 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் மலையேறி வந்து படிக்கிறார்கள். மலையிலேயே பிறந்த எங்கள் வீட்டிலோ, பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும். நான் இப்போது கணிப்பொறிப் பொறியியல் டிப்ளமோ மூன்றாமாண்டு.

கணிப்பொறி படிக்கிறேனே தவிர, வீட்டில் கணிப்பொறி கிடையாது. இருப்பது ஒரே ஒரு போன். அது அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். சிக்னலும் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கும். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு நூலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் கதி. அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தப்பு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் போட ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று சொல்ல மாட்டேன். குறை அந்த ஒரு இடத்தோடு முடிவதில்லை. ஒரே கம்ப்யூட்டர், ஆளுக்கு அரை மணி நேரம். எனக்கு முன்னால் எங்கள் ஊர் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும், "நீ உக்காரு கண்ணு" என்று எழுந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நான் உட்கார்ந்து தேடும் கட்டத்தைத் தொட்டேன். அவ்வளவுதான்! அதற்கு முன் தேடியதெல்லாம் வரிசையாக இறங்கியது. காசநோய். காசநோய் மற்றவருக்கு ஒட்டுமா. மாத்திரை எத்தனை மாதம்.

நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததை மனதோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் அம்மாவிடம், "பாவம்மா அந்த அக்கா" என்றேன். அம்மா பக்கத்து வீட்டில் "பாவம்" என்றார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பேர் "பாவம்" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் அந்த வாரமே, பழம் பறிக்கும் இடத்தில் அக்காவுக்குத் தண்ணீர்ச் சொம்பைத் தனியாக வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா நூலகத்துக்கு வரவில்லை.

அவர் அதை யாருக்காகத் தேடினார்? தனக்கா, வீட்டில் வேறு யாருக்குமா, இல்லை சும்மா தெரிந்துகொள்ளவா? இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

புறங்கூறாமைக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கி வைத்தார். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கியவள் நான். மார்க் வாங்கிய கையாலேயே இந்தக் காரியத்தைச் செய்தேன்.

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

வீட்டில் இதைப் பற்றிப் பேசியபோது அப்பா கேட்டார்: "பெரிய மனுசங்களுக்குத்தான் ரகசியம். நம்மகிட்ட மறைக்க என்ன கண்ணு இருக்கு?"

நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். பணக்காரருக்குத் தனி அறை இருக்கிறது, தனி போன் இருக்கிறது, சந்தேகம் வந்தால் போய்க் கேட்க குடும்ப டாக்டர் இருக்கிறார். நமக்கு? ஊருக்கே பொதுவான ஒரு கம்ப்யூட்டர். நோயைப் பற்றிக் கேட்பதும் அதில்தான், கடனைப் பற்றிக் கேட்பதும் அதில்தான், சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவதும், புருஷன் அடித்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று தேடுவதும் அதில்தான். அப்படியானால் மறைத்துக்கொள்ள இடம் இல்லாதவர்களுக்குத்தானே மறைவு அதிகம் வேண்டும்?

இதில் ஊருக்கும் நன்மை இருக்கிறது. காசநோய் குணப்படுத்தக்கூடிய நோய். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். சத்தான சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. மருந்தும் உண்டு, உதவியும் உண்டு. கேட்கப் பயந்தவருக்கு மட்டும் இரண்டும் இல்லை! ஒருவர் பயந்து வாயை மூடிக்கொண்டால், அவரோடு நிற்பதில்லை நோய். ஆக, ஒருவர் தேடுவதை மற்றவர் பார்க்காமல் இருப்பது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை, ஊரின் சுகாதாரமும்கூட.

அந்தக் காலத்து டிக்கெட்

சின்ன வயதில் நூலகத்தில் எனக்கு ஒரு டிக்கெட் இருந்தது. டிக்கெட் என்றால் சின்னப் பை மாதிரி ஓர் அட்டை. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் அதன் பெயர் எழுதிய இன்னொரு அட்டை இருக்கும். புத்தகம் எடுக்கும்போது நூலகர் அந்த அட்டையை என் டிக்கெட்டுக்குள் சொருகி, தேதிவாரியாகத் தட்டில் அடுக்கி வைப்பார். திருப்பிக் கொடுத்ததும் அட்டை புத்தகத்துக்குள் போகும், டிக்கெட் என் கைக்கு வரும். நினா பிரவுன் என்ற அமெரிக்க நூலகரின் பெயரால் இதை பிரவுன் முறை என்பார்கள்.

இதன் அழகைக் கவனித்தீர்களா? புத்தகம் என்னிடம் இருக்கும் வரை நூலகத்துக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்த நிமிஷமே, நான் அதைப் படித்தேன் என்பதற்கு அந்தத் தட்டில் தடயமே இல்லை. வேலை முடிந்தது, டிக்கெட் மறந்துவிட்டது!

கம்ப்யூட்டர் இதற்கு நேர் எதிர். மறக்கச் சொன்னால்தான் மறக்கும். நாம் போன இடங்களின் பட்டியலை வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் "சரி" என்று அமுக்கிவிடுவோம். படிவத்தில் அடித்த பெயரையும் போன் நம்பரையும் அடுத்தவருக்கு எடுத்து நீட்டும். மெயிலை மூடினோம் என்று நினைப்போம். ஜன்னலைத்தான் மூடியிருப்போம், கணக்கு திறந்தே கிடக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் டவுன்லோட்ஸ் என்ற அறை. பொதுக் கம்ப்யூட்டர் எதிலாவது அதைத் திறந்து பாருங்கள். வேண்டாம், திறக்காதீர்கள், நானே சொல்கிறேன். யார் யாருடைய ஆதாரோ, சாதிச் சான்றிதழோ, பாஸ்புக்கின் முதல் பக்கமோ கிடக்கும். ஆதார் பைலுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு.  பெயரும் பிறந்த வருஷமும் பக்கத்தில் கிடக்கும் மார்க் ஷீட்டில் இருக்கும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிய கதை!

மேஜை மேல் நோட்டு

மெஷினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று இருக்கும். பெயர், விலாசம், போன் நம்பர், என்ன காரியம், கையெழுத்து. பத்தாவதாகப் போகிறவர் முதல் ஒன்பது பேரின் விவரத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். என் தோழி ஒருத்தி இப்படி நம்பர் எழுதிவிட்டு வந்தாள். அன்று ராத்திரியே தெரியாத நம்பரிலிருந்து போன். "இன்னிக்கு நூலகத்துல பார்த்தேன்" என்று ஒரு குரல். அவள் வீட்டில் என்ன முடிவு எடுத்தார்கள் தெரியுமா? அந்தப் பையனைத் தேடவில்லை. "நீ இனிமே நூலகத்துக்குப் போக வேண்டாம்" என்று அவளைத்தான் நிறுத்தினார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பெண்களுக்குக் கதவு இப்படித்தான் மூடுகிறது, சத்தமே இல்லாமல்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24-ந் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தீர்ப்பில் காபித் தோட்டத்துக்குத் தனிச் சட்டம், கவர்னர் மாளிகைக்குத் தனிச் சட்டம் என்று இல்லை. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாயின. எந்தக் காரியத்துக்காக விவரம் வாங்கினார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், காரியம் முடிந்தால் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள், நம் பழைய டிக்கெட் செய்ததும் இதையேதான்!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-ல் மத்திய அரசு விதிகள் போட்டது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டையும் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற பட்டியலையும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, தடுப்பில்லாத கம்ப்யூட்டரின் திரை பொதுவெளியைப் பார்த்து இருக்க வேண்டும் என்றெல்லாம். பொதுக் கம்ப்யூட்டரை வைத்து மிரட்டல் மெயில் அனுப்புவோர், பணம் பறிப்போர் உண்டு என்பதால் வந்த கட்டுப்பாடு. அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த விதிகள் இணைய வசதியைத் தொழிலாக நடத்தும் கடைகளை மனதில் வைத்து எழுதியவை. நூலகம் கடை இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டார், கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் நிறைவேற்றினார். அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூலகத்துக்குள் வருகிறவர் வாடிக்கையாளரும் இல்லை, சந்தேக நபரும் இல்லை. அவர் வாசகர்.

"போலீஸ் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்று நூலகர் கேட்கலாம். இந்தப் பயம் உலகம் முழுக்க இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு நூலகக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தினார் என்ற விவரத்தை எப்.பி.ஐ. கேட்டது. நீதிபதியின் உத்தரவு இல்லை. வெளியே சொல்லவும் தடை. நான்கு நூலகர்கள் கொடுக்க மறுத்து நீதிமன்றம் போனார்கள். 2006-ல் அரசு அந்தத் தடையையும் கைவிட்டது, கேட்டதையும் கைவிட்டது. குற்றவாளிக்கு ஒளிய இடம் கொடு என்று அவர்கள் சொல்லவில்லை. முறையான உத்தரவோடு வா என்றுதான் சொன்னார்கள். நம் நூலகரும் அதைச் சொன்னால் போதும்.

என் அறிவுக்கு எட்டிய யோசனைகள்

குறை சொல்லிவிட்டு ஓடக் கூடாது. படித்த படிப்புக்கு மரியாதையாகச் சில யோசனைகள் சொல்கிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை.

1. பொதுக் கம்ப்யூட்டரில் "கெஸ்ட்" முறையில் மட்டும் பிரவுசர் திறக்கும்படி வைக்கலாம். மூடியதும் தேடல், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். ஆனால் இறக்கிய பைல் போகாது. அதற்கு, மெஷினை அணைத்துப் போட்டால் காலையில் இருந்த நிலைக்கே திரும்பும் ஏற்பாடு உண்டு. டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. அது இல்லாவிட்டால், ஆள் மாறும்போது டவுன்லோட்ஸ் அறையையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்வதை வழக்கமாக்க வேண்டும்.

2. நோட்டு இருக்கட்டும், நூலகரின் டிராயரில் இருக்கட்டும். உறுப்பினர் எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் போதும். போன் நம்பரும் "என்ன காரியம்" என்ற கட்டமும் எதற்கு? முறை வைக்க டோக்கன் கொடுத்தால் சண்டையும் வராது.

3. திரையின் முதுகு, காத்திருப்போர் பக்கம் இருக்கட்டும். பெஞ்சை நான்கு அடி தள்ளிப் போடலாம். ஆள் உட்கார்ந்திருப்பது நூலகருக்குத் தெரியட்டும். என்ன படிக்கிறார் என்பது யாருக்கும் தெரிய வேண்டாம்.

4. ஆதார் நகல் தேவைப்படும் இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பல இடங்களுக்கு அது போதும். இதைப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

5. நான்கே வரியில் ஓர் அறிவிப்பு, தமிழில்: "கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். உங்கள் பைலை அழியுங்கள். அடுத்தவர் விட்டுச் சென்றதைப் பார்க்காமல் மூடுங்கள்."

அந்த நான்காவது வரி என்னைப் போன்றவர்களுக்காக.

நூலகரை மட்டும் நம்பி இதை விட முடியாது. பல ஊர்களில் ஒரே ஆள் கதவைத் திறந்து, பெருக்கி, பேப்பர் அடுக்கி, புத்தகம் கொடுத்து, கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாமோ வருஷா வருஷம் சேவை முகாம் போடுகிறோம். மரம் நடுகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். நல்லதுதான். இந்த வருஷம் நம் மாணவர் சங்கம் ஒரு தீர்மானம் போடட்டும். அவரவர் ஊர் நூலகத்துக்குப் போய், நூலகரின் அனுமதியோடு, அவர் முன்னிலையிலேயே கம்ப்யூட்டரை இப்படி அமைத்துக் கொடுப்போம். ஒரு மெஷினுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்கு முன், நம் பாலிடெக்னிக் நூலகத்திலிருந்தே ஆரம்பிப்போம்! போன வாரம் அங்கே உட்கார்ந்தபோது, யாரோ ஒரு ஜூனியரின் மெயில் திறந்தே கிடந்தது. நான் படிக்கவில்லை. வெளியேற்றிவிட்டு மூடினேன். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அக்காவை நான் இப்போதும் பஸ்ஸில் பார்க்கிறேன். "காலேஜ் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்கிறார். அந்தப் பேச்சு யாரிடமிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் ஸ்டாப் வந்துவிடுகிறது. இந்த மலர் கைக்கு வந்ததும், அவர் வீட்டுக்கே போய் இதை உட்கார்ந்து வாசித்துக் காட்டப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். அதன் பிறகு, "வாங்கக்கா, நூலகத்துக்குப் போகலாம். இப்ப யாரும் பாக்க முடியாது" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடும்போது அது பொய்யாக இருக்கக் கூடாது.

அதற்காகத்தான் நண்பர்களே, உங்களையும் துணைக்கு அழைக்கிறேன். வாருங்கள், கம்ப்யூட்டருக்கு மறக்கக் கற்றுக்கொடுப்போம்!

– ஒரு மூன்றாமாண்டு மாணவி,
கணிப்பொறிப் பொறியியல் துறை